இன்டர்வியூவில் கேஸ் ஸ்டடி: எத்தனை மணி நேரம் கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும்

ஒரு பதவிக்கு வந்த விண்ணப்பங்களைச் சலித்து 40 பேரை எடுக்கிறீர்கள். 40 பேருக்கும் ஒரு கேஸ் ஸ்டடி போகிறது, அதாவது ஒரு தொழில் சிக்கலைக் கொடுத்து, வீட்டில் செய்து அனுப்பச் சொல்லும் பணி (அசைன்மென்ட்). ஒழுங்காகச் செய்தால் 8 மணி நேரம் பிடிக்கும். மொத்தம் 320 மணி நேரம். ஓர் ஆள் 40 நாள் அலுவலகம் வந்து செய்யும் வேலை அது. வேலை கிடைக்கப்போவது ஒருவருக்கு. மீதி 39 பேரின் 312 மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. பல இடங்களில் "தேர்வாகவில்லை" என்ற ஒரு வரிப் பதில்கூடக் கிடையாது. இதே பதவிக்கு முதலில் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் நிற்கும் 4 பேருக்கு மட்டும் 3 மணி நேரத்தில் முடிகிற வேலையைக் கொடுத்தால் 12 மணி நேரத்தோடு கணக்கு முடிந்துவிடும். தேர்வின் தரம் இதனால் குறையாது. சரியாகச் செய்தால் கூடும்.

அதைச் சரியாகச் செய்யும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பெரும்பகுதி ஆள் எடுக்கும் மேலாளர்களுக்கும் ஹெச்.ஆர். குழுவினருக்கும். பிற்பகுதி, அசைன்மென்ட் கைக்கு வந்து, செய்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. பிராடக்ட், டேட்டா, மார்க்கெட்டிங், டிசைன், கன்டென்ட் வேலைகளை மனதில் வைத்து எழுதியது. இந்த வேலைகளில்தான் கேஸ் ஸ்டடி கட்டுக்கடங்காமல் நீள்கிறது.

எதை அளக்கிறோம்?

வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பது நல்ல முறை. இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் திரட்டி, எந்தத் தேர்வு முறை ஒருவரின் பிற்கால வேலைத் திறனை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று கணக்கிட்டார்கள். 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். வேலையையே செய்ய வைத்துப் பார்க்கும் வேலை மாதிரித் தேர்வுக்கு 0.54 வந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51. வாய்க்கு வந்தபடி கேட்கும் நேர்காணலுக்கு 0.38. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு வெறும் 0.18. பிறகு 2022இல் பால் சாக்கெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதினார்கள். அதில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் ஒழுங்குபடுத்திய நேர்காணல் 0.42 பெற்று முன்னுக்கு வந்தது. வேலை மாதிரித் தேர்வு 0.33க்கு இறங்கியது.

மேலாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நன்றாகத் தயாரித்த ஒரு மணி நேர நேர்காணல் தருகிற தகவலைவிட அதிகம் தரும் என்று நம்பி ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பதற்கு ஆதாரம் இல்லை. தவிர, வேலை மாதிரித் தேர்வு என்றாலே எல்லோருக்கும் ஒரே நிபந்தனை இருக்க வேண்டும். ஒருவர் 4 மணி நேரமும் இன்னொருவர் 20 மணி நேரமும் செலவழித்த இரண்டு ஃபைல்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, யாருக்கு அதிக ஓய்வு நேரம் இருந்தது என்பதுதான் முதலில் தெரியும். நீளமான கேஸ் ஸ்டடியில் முதலில் விலகிக்கொள்பவர்கள் யார் என்று பாருங்கள்: கைக்குழந்தை இருப்பவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், இரண்டு ஷிப்ட் பார்ப்பவர். கூடவே, இப்போதைய வேலையில் நன்றாக இருப்பவர், கையில் வேறு ஆஃபர் வைத்திருப்பவர். கடைசி இரண்டு வகையினர்தான் பெரும்பாலும் நீங்கள் தேடுகிற ஆட்கள்.

அனுப்புவதற்கு முன்

கேஸ் ஸ்டடியை எழுத உட்காருவதற்கு முன்பே மூன்று விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும். பதவிக்கு மேலிடத்து ஒப்புதலும் சம்பளத்துக்கான பட்ஜெட்டும் கையில் இருக்க வேண்டும். "பார்ப்போம், நல்ல ஆள் கிடைத்தால் கேட்டு வாங்கலாம்" என்ற நிலையில் அசைன்மென்ட் அனுப்பக் கூடாது. நாலு பேர் உழைத்து முடித்த பிறகு "பொசிஷன் ஹோல்டில் இருக்கிறது" என்று சொல்ல நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது, 15 நிமிடத் தொலைபேசிப் பேச்சு. சம்பள வரம்பு, வேலை இடம், நோட்டீஸ் பீரியட் (இப்போதைய வேலையிலிருந்து விலக ஆகும் நாள்) மூன்றையும் அதில் பேசி முடித்துவிட வேண்டும். நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். உங்களுக்கு 30 நாளில் ஆள் வேண்டும், அவருக்கு 90 நாள் ஆகும் என்றால், அது அசைன்மென்ட் முடிந்த பிறகு தெரிய வேண்டிய விஷயமா? சம்பளமும் அப்படியே. வரம்பைச் சொல்லாமல் அசைன்மென்ட் வாங்கி, கடைசியில் 4 லட்சம் வித்தியாசத்தில் முறிவது இரு தரப்புக்கும் நஷ்டம்.

மூன்றாவது: வேறு எந்த வழியிலும் பார்க்க முடியாத திறமை எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "குழப்பமான தரவிலிருந்து சரியான கேள்வியைப் பிடிக்கத் தெரிகிறதா" என்பது போல. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அசைன்மென்ட் தேவையில்லை. டிசைனரிடம் ஏற்கெனவே செய்த வேலைகள் இருந்தால் அதில் ஒன்றைத் திறந்து வைத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள், எதைக் கைவிட்டீர்கள் என்று 45 நிமிடம் பேசினாலே போதும். மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள் காலம்காலமாகக் கேஸை நேரில், அரை மணி முக்கால் மணிக்குள் பேசியே முடிக்கின்றன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பித்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நேரத்தை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்

"இதற்கு 3 மணி நேரம் ஆகும்" என்று நிறுவனங்கள் எழுதுவது பெரும்பாலும் கேள்வியை எழுதியவரின் ஊகம். அவருக்கு விடை தெரியும். ஃபைலில் எந்த நெடுவரிசை முக்கியம் என்று தெரியும். அவருக்கு 3 மணி நேரம் என்றால் வெளியாளுக்கு எளிதாக இரண்டு மடங்கு ஆகும்.

அளப்பது இப்படி. அதே வகை வேலை தெரிந்த, ஆனால் இந்த விஷயம் தெரியாத ஒருவரை வேறு குழுவிலிருந்து பிடியுங்கள். வேலைக்கு வருபவருக்கு என்ன போகுமோ அதை மட்டும் அவரிடம் கொடுங்கள், வாய்விளக்கம் வேண்டாம். படிப்பது, ஃபைலைத் திறப்பது, தரவைச் சுத்தம் செய்வது, யோசிப்பது, எழுதுவது, திருத்துவது, பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது வரை எல்லாமே கணக்கில் சேர வேண்டும். வந்த நேரத்தை 1.5ஆல் பெருக்குங்கள். உங்கள் சக ஊழியருக்குத் தேர்வு பயம் இல்லை. ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்க்க மாட்டார். சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜையில் கேட்பார். வேலைக்கு வருபவருக்கு அந்த வசதிகள் இல்லை என்பதால்தான் அந்த ஒன்றரை மடங்கு.

பெருக்கி வந்தது 3 மணி நேரத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். முதலில் போக வேண்டியது சந்தை நிலவரமும் போட்டியாளர் ஒப்பீடும். அது கூகுளில் தேடும் வேலை, அதை வைத்து யாரையும் எடை போட முடியாது. அடுத்து ஸ்லைடுகள். பெட்டியை நேராக்குவதிலும் நிறம் பொருத்துவதிலும் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. "2 பக்கம், வெறும் எழுத்து போதும், ஸ்லைடு வேண்டாம்" என்று எழுதிவிட்டால் அந்த நேரம் அவருக்கு மிச்சம். பிரசென்டேஷன் செய்வதே அந்த வேலையின் பெரும்பகுதி என்றால் மட்டும் ஸ்லைடு கேளுங்கள், அதுவும் நாலைந்து.

"நேர வரம்பு இல்லை, உங்கள் வசதிப்படி செய்யுங்கள்" என்பது தாராளம் போலத் தோன்றும். நடப்பது வேறு. மற்றவர் 10 மணி நேரம் செய்திருப்பாரோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் 12 மணி நேரம் செய்வார். உச்ச வரம்பைச் சொல்லுங்கள். அதற்குமேல் செய்ததற்கு மதிப்பெண் இல்லை என்பதையும் சொல்லுங்கள். "நேரம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, இன்னும் நேரம் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று 5 வரி எழுதுங்கள்" என்று கேளுங்கள். அந்த 5 வரி பல சமயம் மற்ற பக்கங்களைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும்.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். காலை 9.30க்கு உள்ளே போய் மாலை 6.30க்கு வெளியே வந்து, சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் ஊர்ந்து 8 மணிக்கு வீடு சேர்பவருக்கு இரவு 9 முதல் 10.30 வரைதான் சொந்த நேரம். 3 மணி நேர வேலை என்றால் அவருக்கு அது இரண்டு இரவு. வெள்ளி மாலை அனுப்பித் திங்கள் காலை கேட்காதீர்கள். குறைந்தது 7 நாள் கொடுங்கள். எந்த நாளில் தொடங்குவது என்பதை அவரே சொல்லட்டும். தீபாவளி, பொங்கல் வாரங்களையும், நிதித் துறை ஆட்கள் என்றால் மார்ச் கடைசியையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே பதவி, இரண்டு கேள்வித்தாள்

வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு வருகிற மாதிரி ஒன்று:

"எங்கள் ஆப்பின் அடுத்த 6 மாத வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கவும். சந்தை நிலவரம், போட்டியாளர் ஒப்பீடு, வாடிக்கையாளர் வகைகள், விலை நிர்ணயம், விளம்பரச் செலவு அனைத்தும் இருக்க வேண்டும். 15 ஸ்லைடு. திங்கள் காலை 10 மணிக்குள்."

இதில் ஐந்து பேரின் வேலை இருக்கிறது. சொந்த ஆப்பைப் பற்றியே கேட்பதால், இலவசமாக யோசனை வாங்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அந்த எண்ணமே உங்களுக்கு இல்லாவிட்டாலும் வரும். இதைவிடப் பெரிய கோளாறு மதிப்பிடும்போது தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் எதை எழுதினாலும் "இதை நாங்கள் போன வருடமே செய்து பார்த்துவிட்டோம்" என்று தோன்றும். உள்விவரம் தெரியாததற்காக ஒருவரைக் கழித்துக்கட்டிவிட்டு, ஆழமாக யோசிக்கவில்லை என்று எழுதி வைப்பீர்கள்.

அதே திறமையைப் பார்க்க இன்னொன்று:

"இட்லி, தோசை மாவைச் சந்தா முறையில் காலையில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கற்பனை நிறுவனம். வேளச்சேரி, போரூர், தாம்பரம் என மூன்று பகுதிகள். கடந்த 8 வாரங்களில் சந்தாவை நிறுத்துபவர்கள் கூடியிருக்கிறார்கள். இத்துடன் உள்ள எக்செல் ஃபைலில் 260 வரிசைகள்: தேதி, பகுதி, பாக்கெட் அளவு, கொடுத்த நேரம், சந்தா நின்றதா, வாடிக்கையாளர் சொன்ன காரணம். தரவு முழுக்கச் சுத்தமில்லை. சில வரிசைகள் இரண்டு முறை பதிவாகியுள்ளன, ஒரு வாரத்துக்குக் காரணம் பதிவாகவில்லை. (1) சந்தா எங்கே, எப்போது அதிகம் நிற்கிறது? (2) முதலில் எதைச் சரிபார்ப்பீர்கள், ஏன்? (3) இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம் என்றால் எது, பலன் தெரிந்ததை எப்படி அறிவீர்கள்? அதிகபட்சம் இரண்டரை மணி நேரம், 2 பக்கம். ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு 30 நிமிடம் இதைப் பற்றிப் பேசுவோம். இந்தப் பணி தேர்வுக்கு மட்டுமே, நிறுவனம் பயன்படுத்தாது. சமர்ப்பித்து 5 வேலை நாளில் பதில் வரும். சந்தேகங்களுக்கு இந்த எண்ணில் அழைக்கலாம்."

தரவை நீங்களே உருவாக்குகிறீர்கள், அதனால் விடை உங்கள் கையில் இருக்கிறது. போரூரில் காலை 7.30க்கு மேல் போன பாக்கெட்டுகளில்தான் "மாவு புளித்துவிட்டது" என்ற காரணம் குவிந்திருக்கும்படி ஃபைலை அமைத்துக்கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்ப்பவர் மாவு அரைக்கும் இடத்தைக் குறை சொல்வார். நேரம் உள்ள நெடுவரிசையையும் காரணம் உள்ள நெடுவரிசையையும் சேர்த்துப் பார்ப்பவர், மாவு வண்டியில் வெயில் ஏறும் வரை கிடந்ததைக் கண்டுபிடிப்பார். நீங்கள் பார்க்க நினைத்த திறமை அதுதான். அதற்கு 15 ஸ்லைடு தேவைப்படவில்லை. தரவில் குறை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டதையும் கவனியுங்கள். மறைத்து வைத்துக் கண்ணியில் சிக்க வைப்பது தேர்வுக்கு எதையும் சேர்க்காது. பிழை என்று நினைத்து அவர் ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதில்தான் நேரம் போகும்.

உங்கள் உண்மையான வாடிக்கையாளர் தரவைப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். தொலைபேசி எண், முகவரி, பிறந்த தேதி ஏதாவது ஒன்று ஒரு மூலையில் தங்கியிருக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதற்கான பொறுப்பு உங்களுடையது.

பணம் கொடுப்பது

நாலு மணி நேரத்தைத் தாண்டும் எதற்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், ஆள் எடுக்கும் முன் வைத்த சோதனைப் பணிக்கு மணிக்கு 25 டாலர் கொடுத்துவந்தது. நம் கணக்கில் பாருங்கள். ஆண்டுக்கு 12 லட்சம் சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) உள்ள பதவி. வாரம் 40 மணி நேரம் வீதம் 52 வாரத்துக்கு 2,080 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய ரூ.577. ஆறு மணி நேரப் பணிக்கு ரூ.3,500, மூன்று பேருக்கு ரூ.10,500. இதே பதவிக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி மூலம் ஆள் எடுத்தால் வழக்கமான 8.33 சதவீதக் கட்டணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் போகும். பணம் இல்லை என்ற சமாதானம் இங்கே நிற்காது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வெளியே பணம் வாங்கி வேலை செய்யக் கூடாது என்று சிலரின் இப்போதைய வேலை ஒப்பந்தத்தில் இருக்கும். அவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆகாது என்றால் பணம் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காமல், அந்தப் பதவிக்கு எல்லோருக்கும் பணியின் அளவைக் குறைத்துவிடுவதுதான் நியாயம்.

மதிப்பெண் போடுதல்

முதல் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே மதிப்பெண் அட்டவணை எழுதி முடிந்திருக்க வேண்டும். மாவுக் கதையில் முதல் கேள்விக்கு: போரூர், 7.30க்கு மேல், புளிப்பு மூன்றையும் சேர்த்துப் பிடித்தவருக்கு 3. போரூர் என்று மட்டும் சொன்னவருக்கு 2. நிறுத்தங்கள் கூடியிருக்கின்றன என்று கேள்வியையே திருப்பி எழுதியவருக்கு 1. இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். "நன்று, பரவாயில்லை, போதாது" என்று வைத்தால் இரண்டு பேர் மதிப்பெண் போடும்போது இரண்டு விதமாக வரும்.

பெயரையும் கல்லூரியையும் மறைத்துவிட்டு, இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒருவருடையதை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்தவருக்குப் போகாமல், நாலு பேரின் முதல் கேள்வியை வரிசையாகத் திருத்தி, பிறகு இரண்டாவதுக்குப் போங்கள். முதல் பதில் அழகாக இருந்தால் மற்றதெல்லாம் அழகாகத் தெரிகிற மயக்கம் இதில் குறையும். ஓர் ஆளுக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த 25 நிமிடம் இல்லாத மேலாளர் இன்னொருவரிடம் இரண்டரை மணி நேரம் கேட்கக் கூடாது.

பிறகு அந்த 30 நிமிடப் பேச்சு. சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டில் எழுதி வந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால் இது அவசியம். "இந்த எண் எங்கிருந்து வந்தது?", "வண்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால் உங்கள் திட்டம் என்ன ஆகும்?", "எதை யோசித்துவிட்டு விட்டுவிட்டீர்கள்?" என்று மூன்று கேள்வி போதும். தானே யோசித்தவர் தயங்கினாலும் வழி கண்டுபிடிப்பார்.

பதில் சொல்வது

சி.வி.யை மட்டும் அனுப்பியவருக்கு ஒரு மெயில் போதும். அசைன்மென்ட் செய்தவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஐந்து நிமிடம். முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சுற்றி வளைப்பது கேட்பவரைத்தான் வதைக்கும். பிறகு எது நன்றாக இருந்தது, எது குறைந்தது என்று வகைக்கு ஒன்று சொல்லுங்கள். "வணக்கம், போன வாரம் நீங்கள் அனுப்பிய கேஸ் பற்றிப் பேச அழைத்தேன். இந்த முறை உங்களை எடுக்க முடியவில்லை. தரவில் இரட்டைப் பதிவுகளை நீக்கிய விதம் மிக நன்றாக இருந்தது. மூன்றாவது கேள்வியில் பலனை எப்படி அளப்பது என்பது வரவில்லை, அதில்தான் மதிப்பெண் குறைந்தது." இவ்வளவுதான். கருத்துச் சொன்னால் வம்பு வருமோ என்று ஹெச்.ஆர். பயப்படுவதுண்டு. செய்த வேலையைப் பற்றி மட்டும் பேசி, மற்ற வேட்பாளர்களோடு ஒப்பிடாமல், ஆளைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தால் பயத்துக்கு இடமில்லை.

இனி, அசைன்மென்ட் கைக்கு வந்தவர்களுக்கு

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை: இது எத்தனையாவது ரவுண்டு, இதற்குப் பிறகு எத்தனை இருக்கிறது? எத்தனை பேருக்குப் போயிருக்கிறது? எவ்வளவு நேரம் எதிர்பார்க்கிறார்கள்? யார் மதிப்பிடுவார்கள், எப்போது பதில் வரும்? சம்பள வரம்பு என்ன? மெயிலில் கேட்கத் தயக்கமாக இருந்தால் ஹெச்.ஆர். அழைக்கும்போது சாதாரணமாகவே கேட்கலாம்:

"மேடம், கேஸ் ஸ்டடி செய்யறதுல எனக்கு ஒண்ணும் தயக்கம் இல்ல. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரிதான் உட்கார முடியும், அதனால சரியா பிளான் பண்ணிக்கலாம்னு கேக்கறேன். எத்தனை மணி நேரம் எதிர்பாக்கறீங்க? இதுக்கு அப்புறம் எத்தனை ரவுண்டு இருக்கு மேடம்?"

இதற்கு முகம் சுளிக்கும் இடம் உள்ளே போன பிறகும் அப்படித்தான் நடத்தும். நல்ல இடங்களில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் இருக்கும்.

கேட்டிருப்பது அதிகம் என்று தோன்றினால் மறுப்பதற்கு முன் சுருக்கிக் காட்டுங்கள். "ஐந்து பகுதிகளையும் தொட்டுச் செல்வதைவிட, விலை நிர்ணயத்தை மட்டும் எடுத்து 3 மணி நேரத்தில் ஆழமாகச் செய்து தருகிறேன். மற்றவற்றை எப்படி அணுகுவேன் என்று ஒரு பக்கம் எழுதுகிறேன். சரியாக இருக்குமா?" பலர் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் பல கேள்வித்தாள்கள் அவசரத்தில் எழுதப்பட்டவை. முன்பு செய்த வேலை ஒன்றைக் காட்டி விளக்கத் தயார் என்று சொல்வதும் ஒரு வழி. ஆனால் இப்போதைய நிறுவனத்தின் எண்ணையோ ஃபைலையோ ஒருபோதும் காட்டாதீர்கள். அது ஒப்பந்த மீறல், கேட்பவருக்கும் உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

செய்யும்போது கடிகாரத்தை வையுங்கள். முதல் 20 நிமிடம் கேள்வியைப் படிக்கவும் அனுமானங்களை எழுதவும் மட்டும். கடைசி 20 நிமிடம் சரிபார்க்க. நேரம் முடிந்தால் நிறுத்திவிட்டு, மீதியைப் பட்டியலாக எழுதுங்கள். பி.டி.எஃப்.ஆக அனுப்புங்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் பெயர், தேதி, "தேர்வு மதிப்பீட்டுக்கு மட்டும்" என்ற வரி இருக்கட்டும். எக்செல் கேட்டால் கொடுங்கள். டிசைனர்கள் மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டியதில்லை, படமாகக் கொடுத்தால் போதும்.

இலவச வேலை வாங்குகிறார்களா?

சில அடையாளங்கள் தெளிவானவை. ஒரே பதவிக்கு ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தலைப்பு கொடுக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். தேர்வு என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்விதானே இருக்கும்? கன்டென்ட் வேலைகளில் ஐந்து பேரிடம் ஐந்து கட்டுரை வாங்குவதும், மொழிபெயர்ப்பில் ஒரே ஆவணத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு 3 பக்கம் கொடுப்பதும் இந்த வகை. "நேராகப் பிரசுரிக்கிற மாதிரி இருக்க வேண்டும்" என்று கேட்பது, நிறுவனத்தின் லோகோவும் உண்மையான பிரசாரத் தேதியும் இருப்பது, சமர்ப்பித்த பிறகு அடுத்த ரவுண்டு எதுவும் சொல்லாமல் திருத்தம் மட்டும் கேட்பது ஆகியவையும் அப்படியே. பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை, மோசடி.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவர். ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு முதலாளி உரிமையாளர் ஆவார். நீங்கள் இன்னும் ஊழியர் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்து வேண்டும். ஆகவே "சமர்ப்பிப்பவை எங்களுக்கே சொந்தம்" என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் நிதானியுங்கள். ஆனால் நீங்கள் எழுதிய வாசகத்துக்கும் வரைந்த வடிவத்துக்கும்தான் பாதுகாப்பு, யோசனைக்கு இல்லை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் நிறுவனத்தின் உண்மையான சிக்கலுக்கு விடை கேட்டால், எப்படி அணுகுவீர்கள் என்பதை முழுதாகக் காட்டுங்கள். அமல்படுத்தும் அளவுக்கு விவரமான திட்டத்தை நேரில் பேச வைத்துக்கொள்ளுங்கள்.

சமர்ப்பித்த பிறகு

சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆனதும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் 7 வேலை நாள். இன்னொரு வாரம் கழித்து இரண்டாவது: "முடிவு எதுவானாலும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். நான் செய்த வேலையைப் பற்றி இரண்டு வரிக் கருத்து கிடைத்தால் உதவியாக இருக்கும்." அதற்கும் பதில் இல்லை என்றால் அந்த இடத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். மூன்றாவது மெயிலால் பலன் வந்ததில்லை.

மெயில்களையும் அனுப்பிய ஃபைலையும் தேதியோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பிறகு உங்கள் வேலை எங்காவது அப்படியே வெளியானதைக் கண்டால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, இரண்டையும் இணைத்து ஹெச்.ஆர். தலைமைக்கு நேராக எழுதலாம்; கட்டணத்தையும் கேட்கலாம். ரகசிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை, கேஸும் கற்பனை நிறுவனத்தைப் பற்றியது என்றால், கேள்வி கேட்ட நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு அதை உங்கள் போர்ட்ஃபோலியோவில் சேருங்கள். கேள்வியை உங்கள் சொந்த வார்த்தைகளில் நாலு வரியாக மாற்றி எழுதி, எத்தனை மணி நேரத்தில் செய்தது என்றும் குறியுங்கள். அடுத்த நிறுவனம் அசைன்மென்ட் பற்றிப் பேச்சை எடுக்கும்போது, முதலில் அதைத் திறந்து காட்டி, இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கலாம்.